ஊருக்கு வந்துவிட்டோம், சோற்றுக்கோப்பை மட்டும் இன்னும் முகாமில்

 

பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாடு முடிந்தபிறகு ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டு ஏசினாலும் பரவாயில்லை. வாசிக்காமல் மட்டும் ஏசாதீர்கள்.

பிள்ளைகளின் இடைவேளைச் சாப்பாட்டில் கிழமைக்கு இரண்டு நாளாவது சலாது வையுங்கள் என்று நாங்கள் நாலு வரி எழுதியிருந்தோம். அதற்கு வந்த பதில்கள் இவை. "சேர், நாங்கள் என்ன பிரான்சிலயா இருக்கிறம்?" "சலாது ஹோட்டல்காரன்ட சாப்பாடு, நமக்குச் சோறு கறி போதும்." "இலை குழை தின்ன நாங்கள் என்ன ஆடா?"

பிரான்சை நடுவில் இழுத்தது நீங்கள். ஆகவே பிரான்சிலிருந்தே தொடங்குவோம்.

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், மத்தியதரைக் கடலோரமாக, நீஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. 1860 இல் பிரான்சோடு சேரும்வரை அது சார்டீனிய இராச்சியத்தோடு இருந்தது. அந்த ஊரின் பெயரில் ஒரு சலாது உண்டு: சலாது நிசுவாஸ். பிஸ்ட்ரோ என்று அங்கே சொல்வது நம்முடைய சாப்பாட்டுக் கடை மாதிரியான சின்ன உணவகத்தைத்தான். பாரிஸ் பிஸ்ட்ரோக்களின் பட்டியலில் இந்தச் சலாதை அடிக்கடி காணலாம். கொழும்பு நட்சத்திர ஹோட்டல்களுக்குப் போய்வந்தவர்கள் அதன் படத்தைப் போட்டு எத்தனை விருப்பக்குறி வாங்கினார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

அந்தச் சலாது பிறந்தபோது அதில் இருந்தவை மூன்றே சாமான்கள். தக்காளி, உப்பில் போட்ட நெத்தலி, ஒலிவ் எண்ணெய். அங்கே "அஞ்சுவா" என்று சொல்லும் மீன் நம்முடைய நெத்தலியின் குடும்பம். சூரை மீன் அப்போது விலை கூடியது, ஏழையின் கைக்கு எட்டியது நெத்தலிதான். தோட்டத்தில் என்ன காய்த்ததோ, கடலில் என்ன மலிவாகக் கிடைத்ததோ அதைக் கலந்து சாப்பிட்டார்கள். பிறகு அவித்த முட்டை வந்தது, வெங்காயத்தாள் வந்தது, பச்சைக் குடைமிளகாய் வந்தது, கறுப்பு ஒலிவ் வந்தது. மேலே வாசத்துக்கு ஓர் இலையைக் கிள்ளிப் போடுவார்கள். துளசியின் இனம் அது. நோன்பு திறக்கும் சர்பத்தில் நாம் போடும் கசகசா இருக்கிறதே, அது அந்தச் செடியின் விதைதான். விதை நமக்குப் பழக்கம், இலையைக் கண்டால் மட்டும் வெளிநாடாம்!

அந்த ஊர்க்காரர்கள் இந்த ஏழைச் சாப்பாட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நீஸுக்குப் பக்கத்து ஊரில் 1846 இல் பிறந்து உலகப் புகழ்பெற்ற சமையல்காரரானவர் எஸ்கோஃபியே. அவர் இந்தச் சலாதில் உருளைக்கிழங்கையும் போஞ்சியையும் சேர்த்துவிட்டார். நீஸ்காரர்களில் பலர் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. 1966 முதல் 1990 வரை அந்த நகரின் மேயராக இருந்த ஜாக் மெத்சான், 1972 இல் ஊர்ச் சமையல் பற்றிப் புத்தகமே எழுதினார். அவித்த உருளைக்கிழங்கோ வேறு அவித்த மரக்கறியோ இந்தச் சலாதில் சேரவே கூடாது என்று அதில் அடித்துச் சொன்னார். பிறகு ஊழல் விவகாரத்தில் சிக்கி உருகுவே நாட்டுக்கு ஓடியவர் அவர். ஆனாலும் சலாதுச் சண்டை வந்தால் ஊர் இன்னும் அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. பழைய முறைப்படி ஊர்ச் சாப்பாடு சமைக்கும் கடைகளுக்கென்று நீஸில் ஓர் அடையாள முத்திரையும் கொடுக்கிறார்கள்.

ஒரு கோப்பை தக்காளிக்கும் நெத்தலிக்கும் இவ்வளவு மரியாதை! நம்மூரில் வல்லாரைச் சம்பலுக்கு யார் முத்திரை கொடுத்தார்கள்? "வீட்டில வேற ஒண்டும் இல்லையோ?" என்ற கேள்விதான் அதற்குக் கிடைத்த முத்திரை.

ஹலால் ஹராம் கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. லியோன் நகரத்துச் சலாது என்று இன்னொன்று இருக்கிறது, அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் போடுவார்கள். அது நமக்கில்லை. நீஸ் சலாதில் இருப்பது மீன், முட்டை, காய், இலை, எண்ணெய். இதில் எதை நீங்கள் மறுக்கப்போகிறீர்கள்?

இனிச் சத்து விசயத்துக்கு வருவோம். சலாது என்றால் மெலிவதற்குச் சாப்பிடும் பச்சிலை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தவறு. பிஸ்ட்ரோவில் வைக்கும் ஒரு கோப்பை நிசுவாஸ், ஊற்றும் எண்ணெயைப் பொறுத்து 400 முதல் 500 கலோரி வரை வரும். ஒரு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய் மட்டுமே ஏறக்குறைய 120 கலோரி. அது ஒரு நேரச் சாப்பாடு, வயிறு நிறையும்.

அதன் கெட்டித்தனம் கலோரியில் இல்லை, சேர்மானத்தில் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 100 கிராம் சூரையில் 25 கிராம் அளவில் புரதம். நெத்தலியை முள்ளோடு தின்பதால் கல்சியம். கொழுப்புள்ள சின்ன மீனில் இதயத்துக்கும் மூளைக்கும் வேண்டிய ஒமேகா 3. தக்காளியிலும் பச்சை மிளகாயிலும் விற்றமின் சி. கீரையிலும் காயிலும் இருக்கும் விற்றமின் ஏ தரும் சத்து, கொஞ்சம் கொழுப்பு இல்லாமல் உடம்பில் சரியாகச் சேராது. எண்ணெயும் முட்டை மஞ்சட்கருவும் அந்த வேலையைச் செய்கின்றன. இலையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு இலேசில் எடுத்துக்கொள்ளாது. மீனும் விற்றமின் சியும் கூட இருந்தால் எடுத்துக்கொள்ளும். ஒன்று மற்றொன்றுக்குக் கை கொடுக்கிறது. கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து சஹனைத் தூக்குகிற மாதிரி. ஒருவர் கையை விட்டால் சோறு நிலத்தில்.

இப்போது நம்முடைய வல்லாரைச் சம்பலைப் பாருங்கள். பச்சை இலை. சின்ன வெங்காயம். பச்சை மிளகாய். கொழுப்புக்குத் தேங்காய்ப்பூ. விற்றமின் சிக்குத் தேசிக்காய்ப் புளி. கொஞ்சம் மாசி அல்லது வறுத்த நெத்தலி. இதே சேர்மானம், இதே கணக்கு! பொன்னாங்காணி வறையிலும் இதே கணக்கு. வறையை அடுப்பால் இறக்கி ஆறவிட்டுத் தேசிக்காய் பிழிவார்கள் உம்மும்மாக்கள். சூட்டில் விற்றமின் சி கெட்டுவிடும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. கை அறிந்திருந்தது. நீஸ் கிழவிக்குத் தெரிந்தது நம்முடைய அம்மம்மாவுக்கும் தெரிந்திருந்தது. வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் தங்கள் கிழவியின் கோப்பையைப் பிஸ்ட்ரோவில் வைத்து விலை போட்டார்கள். இங்கே அது கோடிப்புறத்தில் கொட்டப்பட்டது.

"வெளிநாட்டுச் சாப்பாடு வேண்டாம்" என்பவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் தினமும் வேகும் மைசூர்ப் பருப்பு மைசூரிலிருந்தா வருகிறது? கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. பாணும் ரொட்டியும் ரோல்ஸும் எந்த மாவில்? கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. மீன் டின்? அதிலும் கடல் கடந்து வந்தது உண்டு. பக்கற் நூடில்ஸை எந்தக் குளத்துக்குக் கீழே விதைத்தார்கள், தண்ணிமுறிப்பிலா? தக்காளியும் மிளகாயும் கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நீஸுக்கும் அவை வெளியூர், நமக்கும் வெளியூர். "பாண்" என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப் போனது. "சலாது" என்ற சொல்லும் அப்படித்தான். ஆகவே வெளிநாடு என்ற வாதம் இங்கே நிற்காது. தின்பதெல்லாம் கப்பலில் வந்தது, தள்ளிவைப்பது மட்டும் வேலியில் முளைத்தது.

இது எப்படி நடந்தது? நம்மூர்த் தாய்மாரைக் குறை சொல்வது இலேசு. நாங்கள் அதைச் செய்யமாட்டோம். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் சத்துப் பாடம் நடத்துவது அநியாயம்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். கட்டிய துணியோடு போய்ப் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் குடியிருந்தோம். வேலியில்லாத இடத்தில் முருங்கை ஏது? கிணறில்லாத இடத்தில் பொன்னாங்காணி ஏது? கிடைத்தது நிவாரணம்: அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். 2009 இல் இந்த மண்ணின் தமிழ் உறவுகள் முள்ளிவாய்க்காலில் உயிர் தப்பி மெனிக் பாமில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கும் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். இரண்டு சமூகம், இரண்டு துயரம், ஒரே பை. அந்தப் பை நம் உயிரைக் காப்பாற்றியது, அதற்கு நன்றி. ஆனால் அது பசியை ஆற்ற வந்த பை. தலைமுறைக்குச் சாப்பாட்டுப் பழக்கம் கற்றுக்கொடுக்க வந்த பை இல்லை. முகாமில் பிறந்த பிள்ளைக்கு வெள்ளை மாவும் பருப்பும்தான் தாய்வீட்டு ருசி. இன்று அந்தப் பிள்ளைதான் தாய். முசுட்டை எது, திராய் எது என்று அவளுக்குக் காட்ட வேண்டிய கிழவி இடம்பெயர்ந்த இடத்திலேயே மையத்தாகிவிட்டாள்.

காணிக்கு உறுதி வாங்கினோம். வீட்டுத்திட்டத்துக்கு வரிசையில் நின்றோம். பள்ளியும் கோயிலும் கட்டியெழுப்பினோம். நீராவிப்பிட்டிக்கும் முள்ளியவளைக்கும் செம்மலைக்கும் கொக்குத்தொடுவாய்க்கும் ஆட்கள் திரும்பி வந்தார்கள். சோற்றுக்கோப்பை மட்டும் மீள்குடியேறவில்லை. அது இன்னும் முகாம் கொட்டிலில், நிவாரணப் பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இதனால் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்கிறீர்களா? வகுப்பறைக்கு வந்து பாருங்கள். காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் வெயிலில் நிற்க முடியாமல் இருந்துவிடும் பெண்பிள்ளைகள். மூன்றாம் பாடத்தில் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகள். வெளிறிய உள்ளிமை. பாடசாலைகளில் கிழமைக்கு ஒன்றாக இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், பெற்றோர் அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் மாத்திரையை விழுங்கிய கையோடு பிள்ளை சாயத்தண்ணி குடித்தால் பாதிப் பலன் போய்விடும். தேயிலையில் உள்ள சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். சோற்றோடு ஒரு துண்டு தேசிக்காய், ஒரு தக்காளி, ஒரு பிடி கீரை வையுங்கள். மாத்திரையும் வேலை செய்யும், சோறும் வேலை செய்யும்.

இந்தப் பிள்ளைகள் எந்த ஊர்ப் பிள்ளைகள்? நாயாற்றுப் பிள்ளைகள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. பாலத்தில் நின்று பார்த்தால் இரண்டும் சேருவது தெரியும். சூடை, சாளை, நெத்தலி, பாரை, றால், நண்டு. நல்லதெல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறித் தெற்குச் சந்தைக்குப் போகிறது. போகட்டும், அது தொழில், அதில்தான் வீடு நடக்கிறது. ஆனால் மீன் வலையில் துடிக்கிற ஊரில் கடைத்தட்டில் மீன் டின் அடுக்கியிருப்பதை என்ன சொல்வது? கருவாட்டு வாடிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை உப்பு நூடில்ஸ் பக்கற்றோடு பாடசாலைக்கு வருவதை என்ன சொல்வது?

இப்போது நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் பதில் தருகிறோம்.

காசு இல்லை என்கிறீர்கள். உண்மை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்துக்குப் போனது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த நாட்களில் மா விலை ஏறியது, பருப்பு விலை ஏறியது, வேலி முருங்கை விலை ஏறியதா? நிறைக்கு நிறை பார்த்தால் முருங்கை இலையில் பசும்பாலைவிடக் கல்சியம் அதிகம். இரண்டு ரோல்ஸும் ஒரு இனிப்புப் பானமும் வாங்கும் காசுக்கு என்ன வாங்கலாம் என்று கடை வாசலில் நின்று நீங்களே கணக்குப் பாருங்கள். ஒலிவ் எண்ணெய் வாங்கச் சொல்லவில்லை. "ஸைத்தூன்" என்று பெயர் போட்டால் விலை கேட்காமல் வாங்கும் ஆட்களும் நம்மில் உண்டு. ஸைத்தூன் பரக்கத்தானது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டு நல்லெண்ணெயும் தேங்காய்ப்பூவும் அளவோடு சேர்த்தால் அந்த வேலையைச் செய்யும்.

தண்ணி இல்லை என்கிறீர்கள். ஆடி ஆவணியில் வன்னி வெயிலில் கீரைப் பாத்தி காயும், ஒப்புக்கொள்கிறோம். முருங்கையும் அகத்தியும் அந்த வெயிலைத் தாங்கும். பாத்திரம் கழுவும் தண்ணி போகும் இடத்தில் வல்லாரை படரும். மாரியில் மண் தானே கொடுக்கும்.

நேரம் இல்லை என்கிறீர்கள். இது நியாயமான காரணம், ஆனால் இதைச் சொல்ல வேண்டியவர்கள் தாய்மார். சொல்வதோ வாப்பாமார்! கீரை ஆய்வதும் நெத்தலித் தலை கிள்ளுவதும் நேரம் தின்னும் வேலை. விடிய எழும்பி பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, தோட்டத்துக்கோ கருவாட்டு வேலைக்கோ போய்வரும் பெண்ணிடம் இன்னொரு வேலையைச் சுமத்த நாங்கள் வரவில்லை. இரவு தொலைபேசியில் காணொளி பார்த்துக்கொண்டிருக்கும் ஆம்பிளைகளிடம் கேட்கிறோம். இரண்டு கையும் சும்மாதானே இருக்கிறது? ஒரு கட்டுக் கீரை ஆய்ந்தால் ஆம்பிளைத்தனம் குறையாது. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் உதவியதை மிம்பரில் கேட்டுத் தலையாட்டியவர்கள்தானே நாம்.

பிள்ளை சாப்பிடாது என்கிறீர்கள். முதல் நாள் சாப்பிடாது. இரண்டாம் நாளும் துப்பும். புது ருசியைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவையாவது கோப்பையில் அது வரவேண்டும். அடிக்க வேண்டாம், ஆசை காட்டவும் வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கள், பிள்ளை பார்க்கும். வாப்பா கீரையை ஒதுக்கிவிட்டு இறைச்சியைத் தேடினால் பிள்ளையும் அதைத்தான் படிக்கும்.

அடுத்தது விருந்து. ஒரு சஹனுக்கு ஆறு பேர். சோறு, கோழி, மாடு, அதற்கு மேல் முட்டை. ஓரத்தில் நாலு வட்டம் வெள்ளரிக்காய், அதன் தலையில் மயோனைஸ். அதற்குப் பெயர் சலாதாம்! அதைத் தொடுகிற கையை நாங்கள் கண்டதில்லை. விருந்தில் இறைச்சி வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எங்களுக்குத் துணிவு இல்லை. மின்சிச் சம்பலையும் அச்சாறையும் ஒரு கரண்டி கூட்டி வையுங்கள், ஒரு தட்டு வறை வையுங்கள் என்றுதான் சொல்கிறோம். கோயில் அன்னதானத்தில் மூன்று நாலு மரக்கறி இலையில் விழுகிறது. அந்த ஒரு விசயத்தில் பந்தியில் இருக்கும் தமிழ் உறவுகளிடம் நாம் படிக்கலாம். வெட்கமில்லை. 10 வயதுக்கு மேற்பட்டவர் ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராமாவது காயும் பழமும் சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சஹன் ஓரத்து நாலு வட்டத்தை நிறுத்துப் பாருங்கள்.

அடுத்தது பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை. இங்கே எந்தப் பாடசாலையின் பெயரையும் நாங்கள் சொல்லவில்லை, ஏனென்றால் கதை எல்லா இடத்திலும் ஒன்றுதான். கேள்விப்பத்திரம் கோருவார்கள். கூடுதல் காசு எழுதியவருக்குக் கடை. கூடுதல் காசு கட்டியவர் அதை எப்படித் திருப்பி எடுப்பார்? கௌபி அவித்தா? பொரித்த ரோல்ஸ், பற்றிஸ், சீனிப் பணிஸ், நிறத்தண்ணி. 2016 முதல் இந்த நாட்டில் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனி அளவுக்கு நிறக் குறியீடு போடுகிறார்கள். சிவப்பு என்றால் சீனி அதிகம். வீதிச் சமிக்ஞையில் சிவப்புக்கு நில் என்று பிள்ளைக்குக் கற்பிக்கிறோம். அதே பிள்ளை சிவப்பு வட்டம் போட்ட போத்தலோடு வகுப்புக்குள் வருகிறது. பாடப்புத்தகத்தில் நிறையுணவு, பாடசாலை மூலையில் நிறத்தண்ணி. பிள்ளை எதை நம்பும்?

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. வடக்கில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் "அம்மாச்சி" உணவகங்களில் பெண்கள் நம்முடைய தானியத்திலும் இலையிலும் சமைத்து விற்கிறார்கள். கடைக்கு ஆள் வருகிறது, காசும் வருகிறது. அங்கே இலைக்கஞ்சி குடிக்க நிற்பவர் பாடசாலையில் மட்டும் ஏன் ரோல்ஸுக்கு ஒப்பமிடுகிறார்?

வெறும் வாய்ப்பேச்சோடு விடமாட்டோம். இதோ ஒரு கோப்பை. பெயர் வேண்டுமென்றால் நாயாற்றுச் சலாது என்று வையுங்கள். ஐந்து பிள்ளைகளுக்கு அளவு.

கௌபி அரைச் சுண்டு. இரவே ஊறப்போட்டு விடிய அவியுங்கள். 100 கிராம் காய்ந்த கௌபியில் 23, 24 கிராம் புரதம் இருக்கிறது. சோற்றில் குறைவதை அது நிரப்பும். நெத்தலிக் கருவாடு இரண்டு கைப்பிடி. தலை கிள்ளி, சுடுதண்ணியில் இரண்டு தடவை போட்டு உப்பை எடுத்து, கொஞ்ச எண்ணெயில் மொறுமொறுவென்று வறுங்கள். முள்ளை எடுக்க வேண்டாம், கல்சியம் அதில்தான். புது மீன் கிடைத்த நாளில் சூரையோ பாரையோ அவித்து முள் எடுத்து உதிர்த்துப் போடலாம். பயிற்றங்காய் ஐந்தாறு, சின்னதாக வெட்டி ஆவியில் ஒரு கொதி. நீஸ் மேயர் கேட்டால் கோபிப்பார், பரவாயில்லை. தக்காளி மூன்று. சின்ன வெங்காயம் ஆறு. பச்சை மிளகாய் ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். வல்லாரை ஒரு பிடி, உப்புத் தண்ணியில் நன்றாகக் கழுவி அரிந்தது. வறுத்த கச்சான் ஒரு பிடி. நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள், ஒரு தேசிக்காய். உப்புப் போடுவதற்கு முன் ருசி பாருங்கள், கருவாடே போதுமாக இருக்கும். வளர்ந்த ஒருவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் என்பதை மறக்க வேண்டாம்.

முட்டையை அவித்துக் கோதோடு அனுப்புங்கள், இடைவேளை வரை பழுதாகாது. பிள்ளையே உடைத்துச் சாப்பிடும். தேசிக்காயையும் துண்டாகவே அனுப்பலாம். சோற்றோடு சாப்பிடலாம், பிட்டோடு சாப்பிடலாம். பாணை நடுவில் பிளந்து உள்ளே வைக்கலாம். நீஸிலும் அப்படி ஒன்று உண்டு, பெயர் "பான் பஞ்ஞா". இதே சலாதை வட்டப் பாணுக்குள் அடைத்து வேலைக்குக் கொண்டுபோகும் கட்டுச்சாப்பாடு அது. பார்த்தீர்களா, அவர்களுக்கும் அது பாண்தான்!

இனி யார் யாரிடம் என்ன கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடம்: அடுத்த கேள்விப்பத்திரத்தில் கூடுதல் காசு எழுதியவரைப் பார்க்காதீர்கள், அவித்த கடலை, கௌபி, முட்டை, இலைக்கஞ்சி கட்டாயம் என்ற நிபந்தனையைப் பாருங்கள். கையொப்பம் உங்கள் கையில் இருக்கிறது.

கடற்றொழிலாளர் சங்கங்களிடம்: பருவ காலத்தில் கிழமைக்கு ஒரு நாள், ஊர்ப் பாடசாலையின் மதிய சமையலுக்கு ஒரு கூடை சின்ன மீன். தெற்குச் சந்தையில் அதற்குப் பெரிய விலை இல்லை, இங்கே அதற்கு விலையே இல்லை.

பள்ளி நிர்வாகம், கோயில், தேவாலய சபைகளிடம்: வளவில் பத்து முருங்கைத் தடி நடுங்கள். யார் வேண்டுமானாலும் ஒடிக்கலாம் என்று ஒரு பலகை போடுங்கள். மரம் நட்டு அதில் மனிதரும் பறவையும் சாப்பிட்டால் அது ஸதகா என்பது நமக்குத் தெரிந்த பாடம். முருங்கையும் மரம்தான்.

கிழவிமாரிடம்: இன்னும் சிலர் இருக்கிறீர்கள், அல்லாஹ் ஆயுளைத் தரட்டும். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேலியோரம் ஒரு தடவை நடவுங்கள். இது முசுட்டை, இது முல்லை, இது தவசி முருங்கை என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். அந்தப் பாடத்துக்கு எங்களிடம் புத்தகம் இல்லை.

பெற்றோரிடம்: கிழமைக்கு இரண்டு நாள். செவ்வாயும் வியாழனும். அவ்வளவுதான்.

நீஸ் நகரத்து ஏழை, கடலில் மலிவாகக் கிடைத்த நெத்தலியையும் கொல்லைத் தக்காளியையும் வெட்கப்படாமல் சாப்பிட்டான். அவனுடைய பிள்ளைகளும் அதற்காக வெட்கப்படவில்லை. அதனால்தான் இன்று அந்தக் கோப்பைக்கு உலகமெல்லாம் மேசை இருக்கிறது. நமக்கு உலக மேசை வேண்டாம். நாயாற்றுக் கடலில் பிடிபட்டதும் குமுழமுனை மண்ணில் விளைந்ததும் நாயாற்றுப் பிள்ளையின் கோப்பைக்கு வந்தால் போதும்.

மறுப்பு உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பதில் தருவோம். உடன்பாடு உள்ளவர்கள் விருப்பக்குறி போட வேண்டாம். செவ்வாய்க்கிழமை பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் காட்டுங்கள், நாங்கள் இடைவேளையில் பார்த்துக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.